விஐ முறையில் புக்மார்க் காணாமல் போகிறதா? கேட் எடிட்டரில் படிப்படியாகச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

கேட் (Kate) என்ற உரை எடிட்டரில், தனி விசைகளையே கட்டளைகளாக்கும் விஐ (vi) உள்ளீட்டு முறையை இயக்கி வேலை பழகுகிறவர்கள் சொல்லும் புகார் அநேகமாக ஒன்றுதான்: "குறி வைத்தேன், காணவில்லை." இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. விசையை அழுத்தியது எடிட்டருக்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். சேர்ந்து, வேறொரு கட்டளையாக மாறியிருக்கலாம். குறி ஒழுங்காக விழுந்து, பிறகு இன்னொரு குறியால் இடம் பெயர்ந்திருக்கலாம். எது நடந்தது என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், இருந்த கோளாறோடு புதிதாக இரண்டு சேரும்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் செய்யும் வேலை, கேரள பி.எஸ்.சி. தேர்வைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கான வினாத் தொகுப்புகளைத் திருத்துவது. ஒரே கோப்பில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நீளும். சந்தேகமான வினாவில் குறி வைத்துவிட்டு மேலே போய், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பதுதான் வேலையின் முறை. குறி தவறினால் ஒரு தவறான விடை அப்படியே அச்சுக்குப் போய்விடும். அதனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து அமைத்த வரிசை இது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முன்படி சரியென்று உறுதியானால்தான் அடுத்த படியின் விடையை நம்பலாம்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

முதலில் ஒரு சோதனைக் கோப்பு உருவாக்குங்கள். 60 வரிகள் போதும். ஒவ்வொரு வரியிலும் அதன் எண்ணை எழுதிவையுங்கள். உண்மையான வேலைக் கோப்பில் சோதிக்க வேண்டாம். விஐ முறையில் ஒரு விசை தவறினாலும் வரி அழியும், வார்த்தை மாறும். பெரிய கோப்பில் அது உடனே கண்ணில் படாது.

அடுத்து, எஃப் 6 விசையை அழுத்தி இடது ஓரத்தில் ஐகான் பட்டையைத் தெரியச் செய்யுங்கள். எஃப் 11 வரி எண்களைக் காட்டும். புக்மார்க் விழுந்ததா இல்லையா என்பதற்கு இந்த ஓரப்பட்டையே சாட்சி. பட்டை மறைந்திருக்கும்போது "புக்மார்க் வரவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். குறி இருக்கிறது, காட்டும் இடம்தான் மூடியிருக்கிறது.

கீழே நிலைப்பட்டை தெரிய வேண்டும். விஐ முறையில் இப்போது நார்மலில் (விசைகள் கட்டளையாகும் நிலை) இருக்கிறோமா, இன்சர்ட்டிலா (எழுத்து உரையில் விழும் நிலை), விஷுவலிலா (உரையைத் தேர்ந்தெடுக்கும் நிலை) என்பதை அங்கேதான் பார்க்க முடியும். விஐ முறையே இயங்குகிறதா என்று சந்தேகம் வந்தால் எடிட் மெனுவில் உள்ளீட்டு முறைகள் என்ற இடத்தில் பாருங்கள். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த முறை மாறிவிடும். கை தவறி இதை அழுத்திவிட்டு, எடிட்டர் கெட்டுப்போனதாக நினைப்பதும் நடக்கிறது.

2. காணாமல் போனது எது?

கேட் எடிட்டரில் குறி வைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று எடிட்டரின் சொந்தப் புக்மார்க்: கன்ட்ரோல் பி அழுத்தியோ, ஓரப்பட்டையில் கிளிக் செய்தோ வைப்பது. ஆல்ட் பேஜ் டவுன் அடுத்த புக்மார்க்குக்கும், ஆல்ட் பேஜ் அப் முந்தைய புக்மார்க்குக்கும் கொண்டுபோகும்.

இன்னொன்று விஐ முறையின் மார்க். நார்மல் நிலையில் எம் விசையை அழுத்தி, அடுத்து ஓர் எழுத்தை அழுத்துவது. எம், ஏ என்று அழுத்தினால் அந்த இடத்துக்கு 'ஏ' என்று பெயர். திரும்பி வர, ஒற்றை மேற்கோளை அழுத்திவிட்டு ஏ அழுத்த வேண்டும்.

புகார் சொல்கிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "எந்த விசையை அழுத்தி வைத்தீர்கள்? எந்த விசையை அழுத்தித் தேடினீர்கள்?" விடையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் பி என்றால் படி 5 உங்களுக்கு முக்கியம். எம் என்றால் படி 3. ஓரப்பட்டையில் கிளிக் செய்து வைத்தது காணவில்லை என்றால் பெரும்பாலும் படி 6 அல்லது 8. ஆனாலும் 3, 4 இரண்டையும் யாரும் தாண்ட வேண்டாம்.

3. விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது?

எல்லையோரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் முதல் இடறல். மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் நேரம் தின்பதும் இதுவே. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தமிழ் 99 விசைப்பலகை அமைப்பைப் பழகியிருப்பார்கள். சித்தூர் வட்டத்துப் பள்ளிகளில் படித்தவர்களின் கை இன்ஸ்கிரிப்ட் என்ற இந்திய மொழி விசைப்பலகை அமைப்பில் ஓடும். சிலர் ஆங்கில ஒலிப்படி தட்டச்சு செய்கிறவர்கள். மூன்று பேரும் ஒரே கணினியில் மாறி மாறி உட்காருகிறார்கள்.

விஐ முறையின் நார்மல் கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்துகள். தமிழ் அடித்துவிட்டு எஸ்கேப் அழுத்தினால் எடிட்டர் நார்மலுக்கு வந்துவிடும். விசைப்பலகையோ தமிழிலேயே நிற்கும். அப்போது எம் விசையை அழுத்தினால் எடிட்டரைச் சென்றடைவது எம் அல்ல. அந்த எழுத்து விஐ முறைக்குப் புரியாது. உள்ளீட்டு முறை அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து ஒன்றுமே நடக்காமல் போகலாம், அல்லது எழுத்து உரைக்குள்ளேயே விழலாம். இரண்டாவது ஆபத்தானது.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எடிட்டரின் உரைப்பகுதியை விட்டு வெளியே, ஏதாவது ஒரு தேடல் பெட்டியில் கர்சரை வைத்து எம், ஏ என்ற இரு விசைகளை அழுத்துங்கள். என்ன விழுகிறது என்று பாருங்கள்.

'ர' விழுந்தால் தமிழ் 99 இயங்குகிறது. அதில் எம் விசையின் இடத்தில் ரகரமும், ஏ விசையின் இடத்தில் அகரமும் இருக்கின்றன. 'ஸோ' விழுந்தால் இன்ஸ்கிரிப்ட். தமிழ் எழுத்தா மலையாள எழுத்தா என்பதை வடிவம் சொல்லிவிடும், இரண்டிலும் ஒலி இதுவே. 'ம' விழுந்தால் ஒலிப்பெயர்ப்பு விசைப்பலகை. இரண்டு ஆங்கில எழுத்துகள் அப்படியே விழுந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போகலாம்.

குறிக்குத் திரும்பும் ஒற்றை மேற்கோள் விசைக்கும் இதே கதிதான். தமிழ் 99-இல் அந்த விசை 'ய', இன்ஸ்கிரிப்டில் 'ட'. அதனால் ஆங்கிலத்தில் இருந்தபோது ஒழுங்காகக் குறி வைத்துவிட்டு, நடுவில் தமிழில் நாலு வரி திருத்தி, எஸ்கேப் அழுத்தித் திரும்பப் பார்க்கும்போது மட்டும் குறி "காணாமல்" போகும். குறி அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொரு அடையாளம்: கன்ட்ரோல் பி, கன்ட்ரோல் எஸ் போன்றவை வேலை செய்கின்றன, தனியாக அழுத்தும் எம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், சந்தேகத்தை மொழியின் மீது வையுங்கள். கன்ட்ரோலோடு சேர்ந்த விசைகளுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தே எடுத்துக்கொள்ளப்படும். தனி விசைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தீர்வு பழக்கத்தில் இருக்கிறது. தமிழில் அடித்து முடித்ததும் முதலில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், பிறகு எஸ்கேப் அழுத்துங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள். எஸ்கேப்பை முதலில் அழுத்திவிட்டு மொழியை மறந்தால், அடுத்த விசை எங்கே போனது என்றே தெரியாது. மொழியை முதலில் மாற்றிவிட்டு எஸ்கேப்பை மறந்தால், உரையில் ஓர் ஆங்கில எழுத்து விழும். உடனே பார்த்து அழித்துவிடலாம். மறதி எப்படியும் வரும், கண்ணுக்குத் தெரிகிற வகையில் வரட்டும்.

கூடவே மொழி மாற்றம் எந்த அளவில் பொருந்துகிறது என்றும் பாருங்கள். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு எல்லாச் செயலிகளுக்கும் ஒரே உள்ளீட்டு முறை என்றொரு தேர்வு இருக்கிறது. கேடிஇ மேசைத்தளத்தில் விசைப்பலகை மாற்றத்தை முழுக் கணினிக்கும், செயலிவாரியாகவும், சாளரவாரியாகவும் வைக்கலாம். விண்டோஸிலும் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி வைக்கும் வசதி உண்டு. நான் பரிந்துரைப்பது சாளரவாரியானது. உலாவியில் தமிழில் தேடிவிட்டு எடிட்டருக்கு வரும்போது, எடிட்டர் தான் விட்ட மொழியிலேயே நிற்கும். ஒன்று மட்டும் கவனம்: தனி மொழி வைத்திருந்தால், மேலே சொன்ன தேடல் பெட்டிச் சோதனையை கேட் எடிட்டருக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டியில் செய்ய வேண்டும். வேறு சாளரத்தில் செய்தால் அந்தச் சாளரத்தின் மொழியைத்தான் அது காட்டும்.

4. நார்மல் நிலையும் கேப்ஸ் லாக்கும்

மொழி சரி என்றால் நிலைப்பட்டையைப் பாருங்கள். இன்சர்ட் நிலையில் எம், ஏ அழுத்தினால் அவை வெறும் எழுத்துகளாக உரையில் விழும். எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்துங்கள். பாதியில் நின்ற கட்டளை இருந்தாலும் கலைந்துவிடும். எம் அழுத்திவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தால் எடிட்டர் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் கீழே இறங்கலாம் என்று ஜே அழுத்தினால் கர்சர் இறங்காது, 'ஜே' என்ற பெயரில் ஒரு மார்க் விழும்.

கேப்ஸ் லாக் எரிகிறதா என்றும் பாருங்கள். விஐ முறையில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வெவ்வேறு கட்டளைகள். கேப்ஸ் லாக் போட்டபடி எம் அழுத்தினால் அது பெரிய எம்; மார்க் வைக்கும் கட்டளை அதுவல்ல. மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற கேப்ஸ் லாக் விசையையே ஒதுக்கி வைத்திருக்கும் கணினிகளை இங்கே அடிக்கடி பார்க்கலாம். அந்தப் பழக்கம் உள்ளவர் இன்னொருவர் கணினியில் உட்கார்ந்து அதே விசையைத் தட்டினால் மொழி மாறாது, எழுத்துகள்தான் பெரியதாகும். மொழி மாற்றும் விசை எது என்பதை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. கன்ட்ரோல் பி அழுத்தினால் பக்கம் மேலே போகிறதா?

இது கோளாறு அல்ல, உரிமைப் பிரச்சினை. எடிட்டரின் கணக்கில் கன்ட்ரோல் பி புக்மார்க். விஐ கணக்கில் அதே கூட்டு ஒரு பக்கம் மேலே போகும் கட்டளை. இருவரில் யாருக்கு முன்னுரிமை என்பதை ஓர் அமைப்பு தீர்மானிக்கிறது: செட்டிங்ஸில் கேட் எடிட்டரை அமைக்கும் சாளரத்தைத் திறந்து, எடிட்டிங் பகுதியில் விஐ உள்ளீட்டு முறை என்ற தாவலைப் பாருங்கள். விஐ கட்டளைகள் கேட் எடிட்டரின் குறுக்குவிசைகளுக்கு மேலாக நிற்கலாம் என்று ஒரு தேர்வுப் பெட்டி இருக்கும்.

அதில் டிக் இருந்தால் கன்ட்ரோல் பி விஐக்குப் போகும். சோதனைக் கோப்பின் 50-ஆவது வரியில் நின்று அழுத்திப் பாருங்கள். உரை மேலே நகர்ந்து, ஓரப்பட்டையில் ஒன்றும் விழாவிட்டால் காரணம் இதுதான்.

உடனே அந்த டிக்கை எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்வது. புக்மார்க் சரியாகிவிடும், உண்மை. ஆனால் அந்த ஒரு டிக் கன்ட்ரோல் பி-க்கு மட்டுமானதல்ல. எடுத்த பிறகு கன்ட்ரோல் எஃப் தேடல் பெட்டியைத் திறக்கும், பக்கம் இறக்காது. கன்ட்ரோல் ஆர் செய்ததைத் திரும்பச் செய்யாது, மாற்றீட்டுப் பெட்டியைத் திறக்கும். கன்ட்ரோல் யூ அரைப்பக்கம் ஏற்றாது. தேர்ந்தெடுத்த ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தாக்கிவிடும். பல மாதங்கள் விஐ பழகிய கை இதை எதிர்பார்த்திருக்காது. வினாத்தாளில் பெயர்ச்சொற்கள் எல்லாம் தலைப்பெழுத்தில் நிற்கும்.

என் தீர்ப்பு: விஐ கை பழகியவர் டிக்கை அப்படியே விட்டுவிட்டு, புக்மார்க்குக்கு வேறு விசை ஒதுக்க வேண்டும். செட்டிங்ஸில் விசைப்பலகைக் குறுக்குவிசைகளை அமைக்கும் சாளரத்தைத் திறந்து, புக்மார்க் வைக்கும் செயலைத் தேடி, புதிய கூட்டைக் கொடுங்கள். வேறு செயலோடு மோதினால் எடிட்டரே எச்சரிக்கும். விஐ கட்டளைகளோடு மோதுவதைப் பற்றி அது சொல்லாமல் விடலாம்; அதனால் கன்ட்ரோலும் ஒற்றை எழுத்தும் சேர்ந்த கூட்டுகளைத் தவிர்த்து, எஃப் விசைகளோடு ஷிஃப்ட் அல்லது கன்ட்ரோலைச் சேர்த்துப் பாருங்கள். விஐயைத் தினசரி வேலைக்குப் பயன்படுத்தாமல், எப்போதாவது தொடுகிறவர் டிக்கை எடுத்துவிடலாம்.

ஆல்ட் பேஜ் அப் வேலை செய்யவில்லை என்கிற மடிக்கணினிக்காரர்கள் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் பேஜ் அப், அம்பு விசைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

6. ஒரு குறி இன்னொரு குறியைத் தூக்கிப்போடுவது

விசை சரி, நிலை சரி, குறியும் விழுகிறது. ஆனால் வைத்த புக்மார்க் தானாக மறைகிறது. மிகவும் குழப்புவது இதுதான். எடிட்டரைக் குறை சொல்லும் முன் அது உள்ளே என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

விஐ முறை இயங்கும்போது கேட் எடிட்டர் புக்மார்க்கையும் மார்க்கையும் ஒன்றோடொன்று இணைத்து வைக்கிறது. நீங்கள் எம், ஏ அழுத்தி மார்க் வைத்தால் ஓரப்பட்டையில் அந்த வரிக்குப் புக்மார்க் சின்னமும் விழும். மறுபக்கம், ஓரப்பட்டையில் கிளிக் செய்து புக்மார்க் வைத்தால், அந்த வரிக்கு விஐ முறை தானாக ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுகிறது. ஏ-யிலிருந்து தொடங்கி, காலியாக இருக்கும் முதல் எழுத்து.

இப்போது நடப்பதைப் பாருங்கள். சோதனைக் கோப்பில் 10, 20, 30 ஆகிய மூன்று வரிகளில் வரிசையாகக் கிளிக் செய்து புக்மார்க் வையுங்கள். உங்களுக்குத் தெரியாமலே அவை முறையே ஏ, பி, சி ஆகிவிட்டன. 45-ஆவது வரிக்குப் போய், ஒரு தற்காலிக மார்க் வேண்டும் என்று எம், ஏ அழுத்துங்கள். 'ஏ' என்ற பெயர் 45-க்கு நகர்ந்துவிடும். 10-ஆவது வரியின் புக்மார்க் சின்னமும் மறைந்துவிடும். அந்த நேரத்தில் திரையில் 10-ஆவது வரி தெரியாவிட்டால், புக்மார்க் எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

புதியவர்கள் எல்லோரும் மார்க்குக்கு முதலில் எடுக்கும் எழுத்து ஏ. எடிட்டர் தானாகக் கொடுப்பதும் ஏ. அதனால்தான் இந்த மோதல் இத்தனை பேருக்கு நடக்கிறது.

தவிர்க்க ஒரே ஒரு ஒழுங்கு போதும்: கையால் வைக்கும் மார்க்குகளுக்கு எழுத்துகளைப் பின்னாலிருந்து எடுங்கள். இசட், ஒய், எக்ஸ் என்று. எடிட்டர் முன்னாலிருந்து வரட்டும். 26 எழுத்துகள் இருக்கும்வரை இருவரும் சந்திக்க மாட்டார்கள். எங்களிடம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு விஐயில் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் விதிகளில் இது ஒன்று.

அந்த 26-க்கும் ஓர் எல்லை உண்டு. ஏ முதல் இசட் வரை தீர்ந்த பிறகு இன்னொரு புக்மார்க் வைத்தால், அடுத்த புக்மார்க்குக்கு எழுத்து மீதியில்லை என்ற செய்தி கீழே வரும். அவ்வளவு குறிகள் ஒரே கோப்பில் தேவைப்பட்டால், புக்மார்க் அதற்குரிய கருவி அல்ல. படி 8-இல் சொல்லும் உரைக்குறியைப் பயன்படுத்துங்கள்.

இணைப்பு அழிப்பதிலும் பொருந்தும். ஓரப்பட்டையில் ஒரு புக்மார்க்கைக் கிளிக் செய்து நீக்கினால் அந்த வரியின் விஐ மார்க்கும் போகும். எல்லாப் புக்மார்க்குகளையும் அழிக்கும் மெனுக் கட்டளையைக் கொடுத்தால் உங்கள் மார்க்குகளும் சேர்ந்து போகும். திரையைச் சுத்தமாக்குவதாக நினைத்து அதைக் கொடுக்காதீர்கள்.

7. வரிக்குப் போகிறது, இடத்துக்குப் போகவில்லை

ஒற்றை மேற்கோளும் எழுத்தும் அழுத்தினால், மார்க் இருக்கும் வரியின் முதல் எழுத்துக்குப் போகும். எஸ்கேப்புக்குக் கீழே உள்ள பின்சாய்ந்த மேற்கோளும் எழுத்தும் அழுத்தினால் வைத்த அதே இடத்துக்குப் போகும். வரியின் நடுவில் வைத்த குறி "நகர்ந்துவிட்டது" என்கிறவர்கள் முதலாவதை அழுத்துகிறார்கள். கிளிக் செய்து வைத்த புக்மார்க்குகள் வரியின் தொடக்கத்தையே குறிக்கும். அவற்றில் இரண்டாவது விசையும் உதவாது.

இந்த இரண்டு மேற்கோள்களும் முதல் அழுத்தலில் பேசாமல் இருந்து, அடுத்த எழுத்தோடு சேர்ந்து வேறு ஏதோ எழுத்தாக மாறினால், விசைப்பலகை சர்வதேச அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. அதில் இவை உச்சரிப்புக் குறி போடும் விசைகள். சாதாரண ஆங்கில அமைப்புக்கு மாற்றிவிடுங்கள்.

8. மூடித் திறந்தால் புக்மார்க் போய்விடுகிறது

புக்மார்க் உங்கள் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. உரைக்கோப்பில் உரை மட்டும்தான் இருக்கும். எந்த வரியில் குறி என்ற விவரத்தை எடிட்டர் தன்னிடம் தனியாக வைத்துக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்டால் இந்தப் படியில் வரும் எல்லாப் புகாரும் தெளிவாகிவிடும்.

முதலில் செட்டிங்ஸில் செஷன் (ஒன்றாகத் திறந்திருக்கும் கோப்புகளின் தொகுப்பு) தொடர்பான பக்கத்தில், மெட்டா தகவலை (குறி போன்ற விவரங்களை) செஷன் முடிந்தபின்னும் வைத்திருக்கும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாத தகவலை எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்ற எண்ணும் அங்கேயே இருக்கும். அது 30 என்று இருந்து, நீங்கள் ஒரு கோப்பை ஓணம் விடுமுறைக்கு முன் மூடிவிட்டு தீபாவளிக்குப் பக்கத்தில் திறந்தால், குறிகள் இருக்காது.

அடுத்த நிபந்தனை பலருக்குத் தெரியாதது. மீண்டும் திறக்கும்போது கோப்பு மாறாமல் இருந்தால் மட்டுமே புக்மார்க்குகள் திரும்ப வரும். நடுவில் வேறு எதாவது அந்தக் கோப்பைத் தொட்டிருந்தால், வரிகள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் எடிட்டர் பழைய குறிகளைப் போடுவதில்லை. இது நியாயமான முடிவு. தவறான வரியில் குறி விழுவதைவிட, விழாமல் இருப்பது நல்லது.

தொடுவது யார் என்பதைத்தான் தேட வேண்டும். பகிர்ந்த கோப்புறையில் சக ஊழியர் அதே கோப்பைத் திறந்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருப்பார். கிட் (கோப்பின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) வழியாகப் புதிய பிரதி இறங்கியிருக்கும். விண்டோஸ் கணினியில் ஒருமுறை சேமித்ததில் வரிமுடிவுகள் மாறியிருக்கும்; கண்ணுக்கு உரை ஒன்றேதான், உள்ளே எல்லா வரியும் மாறிவிட்டது. பென் டிரைவில் எடுத்துப்போய் வேறு கணினியில் திறந்தால் அங்கே குறிகளே இருக்காது. விவரம் பழைய கணினியிலேயே தங்கிவிட்டது.

ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "அக்கா, சேவ் செய்துதானே மூடினேன்?" சேமித்ததும் மூடியதும் சரி. அவன் போனபின் இன்னொருவர் அந்தக் கோப்பில் மலையாளச் சொல் ஒன்றைத் திருத்தியிருந்தார். கோப்பின் கடைசி மாற்ற நேரத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. நீங்களும் முதலில் அந்த நேரத்தைப் பாருங்கள். நீங்கள் மூடியதற்குப் பிந்தைய நேரம் என்றால், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

இங்கே என் கருத்து உறுதியானது: புக்மார்க் ஒரே உட்காரலில் முடியும் வேலைக்கு. மறுநாளுக்கும், இன்னொருவருக்கும் போய்ச் சேர வேண்டிய குறியை உரைக்குள்ளேயே எழுதுங்கள். உரையில் வேறெங்கும் வராத ஓர் அடையாளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் வரியின் தொடக்கத்தில் மூன்று கேள்விக்குறிகளும், கூடவே குறித்தவரின் பெயரின் முதலெழுத்தும் போடுகிறோம். சாய்கோடு விசையை அழுத்தி அதைத் தேடி, என் விசையால் ஒவ்வொன்றாகப் போகலாம். ஆனால் விஐயின் சாய்கோட்டுத் தேடலில் கேள்விக்குறிக்குச் சிறப்புப் பொருள் உண்டாகலாம். தேடல் வராவிட்டால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு சேருங்கள், அல்லது சிறப்புப் பொருள் இல்லாத வேறு குறியை எடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் அந்த அடையாளம் ஒன்றுகூட மீதியில்லை என்று தேடி உறுதிசெய்வது கடைசி வேலையாக இருக்கட்டும்.

விஐ எழுத்துகள் பற்றி ஒரு சொல். செஷனாகச் சேமித்துத் திறக்காமல், கோப்பை மட்டும் தனியாகத் திறந்தால், புக்மார்க்குகள் திரும்ப வந்தாலும் அவற்றின் எழுத்துகள் புதிதாக ஒதுக்கப்படலாம். நேற்று இசட் என்று வைத்தது இன்று ஏ ஆகியிருக்கும். அதனால் மறுநாள் எழுத்தை நம்பி மேற்கோள் விசையை அழுத்தாதீர்கள். ஆல்ட் பேஜ் டவுன் மூலம் ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். எழுத்தும் அப்படியே வேண்டும் என்றால் வேலையைப் பெயரிட்ட செஷனாகச் சேமியுங்கள்.

9. வரிசைப்படுத்தியபின், கரண்ட் போனபின்

வினாக்களை அகர வரிசைப்படுத்தினாலோ, வெளிநிரல் வழியாக உரையை வடித்தாலோ, குறி அதே வினாவோடு நகரும் என்று நம்பாதீர்கள். பழைய உரை நீக்கப்பட்டுப் புதிய உரை வைக்கப்படும் வேலை அது. குறிகளைப் பார்த்து முடித்தபின் வரிசைப்படுத்துங்கள், அல்லது உரைக்குறி போட்டுவிட்டு வரிசைப்படுத்துங்கள். ஆனால் உரைக்குறி வரியின் தொடக்கத்தில் இருந்தால் அந்த வரிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். இந்த வேலைக்கு மட்டும் குறியை வரியின் கடைசியில் போடுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் கரண்ட் போவது சாதாரணம். கணினி சட்டென்று அணைந்தால் சேமிக்காத உரையை எடிட்டர் தன் மீட்புக் கோப்பிலிருந்து திரும்பத் தர முன்வரும். புக்மார்க் விவரம் ஒழுங்காக மூடும்போது எழுதப்படுவது. அது எழுதப்படாமலே போயிருக்கலாம். உரை வந்துவிட்டது, குறியும் வந்திருக்கும் என்று எண்ணி வேலையைத் தொடராதீர்கள். ஓரப்பட்டையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள்.

10. வேறு எடிட்டர்களில்

படி 3, 4 எங்கும் பொருந்தும். மற்றவை எடிட்டருக்கு எடிட்டர் மாறும்.

விஷுவல் ஸ்டுடியோ கோடில் புக்மார்க் வசதி உள்ளமைந்து வருவதில்லை; நீட்டிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். விஐயின் விரிவான வடிவமான விம்மைப் போலச்செய்யும் விம் நீட்டிப்பின் மார்க்கும் அந்தப் புக்மார்க் நீட்டிப்பின் குறியும் தனித்தனியானவை. ஒன்றில் வைத்ததை மற்றொன்றில் தேடாதீர்கள். தமிழில் அடிக்கிறவர்களுக்கு அந்த விம் நீட்டிப்பில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: நார்மல் நிலைக்கு வரும்போது உள்ளீட்டு மொழியைத் தானாக மாற்றும் அமைப்பு. வெளிநிரல் ஒன்றின் துணை அதற்கு வேண்டும், ஆனால் அமைத்துவிட்டால் படி 3-இன் பெரும்பகுதி தீர்ந்தது.

ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களின் ஐடியாவிமில் பெரிய எழுத்து மார்க்குகளை எடிட்டரின் புக்மார்க்குகளோடு இணைக்கும் ஐடியாமார்க்ஸ் என்ற தேர்வு உண்டு. சிறிய எழுத்தில் வைத்துவிட்டுப் புக்மார்க் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

சப்ளைம் டெக்ஸ்டில் விண்டேஜ் என்ற விஐ முறை, புறக்கணிக்கும் தொகுப்புகளின் பட்டியலில் வைக்கப்பட்டே வருகிறது. அங்கிருந்து நீக்கினால்தான் இயங்கும். புக்மார்க் வைக்க கன்ட்ரோல் எஃப் 2, அடுத்ததற்குப் போக எஃப் 2. மடிக்கணினியில் எஃப் 2 ஒலி அல்லது ஒளி குறைக்கும் விசையாக அமைந்திருந்தால், இங்கேயும் எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

விம்மிலேயே பழகிவிட்டு இவற்றுக்கு வருகிறவர்கள் பெரிய எழுத்து மார்க் வேறு கோப்பிலிருந்தும் தாவிவரும் என்று எதிர்பார்ப்பார்கள். விம்மில் அது உண்மை. போலச்செய்யும் முறைகளில் அப்படியே இருக்கும் என்று எண்ணாமல், இரண்டு சோதனைக் கோப்புகளைத் திறந்து, ஒன்றில் பெரிய எழுத்தில் மார்க் வைத்து, மற்றொன்றில் நின்று அழைத்துப் பாருங்கள். தாவவில்லை என்றால் அந்த எடிட்டரில் மார்க் கோப்புக்குள் மட்டும்தான். கோப்பு மாறிப் போகும் வேலைக்குத் திறந்த கோப்புகளின் பட்டியலைப் பயன்படுத்துங்கள்.